சுமத்ரா வரும் இரவில் எங்கே ஒதுங்குவது?

ஆயர் தாவார் என்றால் மலாய் மொழியில் நன்னீர் என்று பொருள். அந்த ஊரில், பால்மரம் வெட்டிய அம்மாவுக்குப் பிறந்தவன் உப்புநீரில் பாய்மரப் படகு ஓட்டுகிறான் என்றால் எங்கள் தோட்டத்துப் பக்கம் இன்னும் சிலர் சிரிக்கிறார்கள். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்த பிள்ளைக்கு இந்த ஆசை தேவையா என்று அந்தச் சிரிப்பு கேட்கிறது. தேவையில்லைதான். ஆனால் லூமுட்டில் ஒரு கப்பல் பட்டறையில் இருபது வருடம் இயந்திரம் பழுதுபார்த்தவன் கண்ணில், ஒரு வெளிநாட்டுத் தம்பதி விற்றுவிட்டு ஊர் திரும்பிய 28 அடிப் படகு பட்டுவிட்டது. நானும் மச்சானும் பாதிப் பாதி போட்டு வாங்கிவிட்டோம். மனைவிக்கு முழுத் தொகையைச் சொன்னது ஆறு மாதம் கழித்து.

ஜூன் பள்ளி விடுமுறையில் ஒரு மாலை ஐந்து மணிக்கு, அந்தப் படகில் ஆறு பேரை வைத்துக்கொண்டு, சுமத்ரா என்று எங்கள் பக்கம் சொல்லும் புயற்காற்று வரப்போகும் இரவுக்கு எங்கே ஒதுங்குவது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. அன்று எடை போட்டுப் பார்த்த இடங்களை எழுதி வைக்கிறேன். பாய்ப்படகானாலும் தூண்டில் படகானாலும், மலேசியாவின் தென் பேராக் கடலில் குடும்பத்தோடு போகிறவர்கள் என்றாவது ஒருநாள் இதே இடங்களை எடை போட வேண்டிவரும்.

நாங்கள் நின்றிருந்தது புலாவ் செம்பிலானில். பாகான் டத்தோவுக்கு நேர் மேற்கே, கரையிலிருந்து சுமார் 14 கடல் மைல் தள்ளி இருக்கும் ஒன்பது தீவுக் கூட்டம். ஒரு கடல் மைல் 1.85 கிலோமீட்டர். அங்கே லாலாங் தீவின் மணலில் இருட்டு நேரத்தில் கால் வைத்தால் நீல வெளிச்சம் பொரியும். கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்கள் அலையில் வந்து மணலில் தங்கி, மிதிபடும்போது ஒளிர்கின்றன. நிலவு இருந்தால் எடுபடாது. அதனால்தான் அமாவாசைக்கு மறுநாளாகப் பார்த்துப் போயிருந்தோம். பன்னிரண்டு வயது மகளும் ஏழு வயது மகனும் மதியத்திலிருந்தே எப்போது இருட்டும் என்று கேட்டபடி இருந்தார்கள். அந்த மணல்தான் அன்று எங்களைத் தப்பான முடிவுக்கு இழுத்த முதல் ஆசை.

நான்கு மணிக்கு மேல் காற்று அடங்கிப்போனது. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. சட்டைக்குள் வியர்வை நிற்காமல் ஓடியது. அம்மா பின்பக்கம் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மேற்கே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு வெட்டு இல்லை" என்றார்.

மச்சான் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பால்மரக் காட்டில் வேலை விடியும் முன்பே தொடங்கிவிடும். குளிர்ந்த வேளையில் வெட்டினால்தான் பால் நன்றாக வடியும். சுமத்ரா வருவதும் பெரும்பாலும் அதே நேரத்தில்தான். மரப்பட்டையில் தண்ணீர் வழிந்தால் பால் கோட்டை விட்டுச் சிதறும், கிண்ணத்தில் மழைநீர் நிறையும், வெட்டு நின்றுவிடும். வெட்டு நின்றால் கூலியும் நின்றது. முப்பது வருடம் அந்தக் கணக்கில் வாழ்ந்தவர் முந்தின மாலை மேற்கு வானத்தைப் பார்த்துச் சொல்வதை நான் வானிலை அறிக்கைக்குச் சமமாகத்தான் எடுத்துக்கொள்வேன். ஒரு கோடு சிக்னல் கிடைத்தபோது வானிலைத் துறையின் கடல் முன்னறிவிப்பைத் திறந்தேன். அதிகாலையில் பேராக் கரையோரம் இடியுடன் மழை, பலத்த காற்று. அம்மா மறுபடியும் வெங்காயத்துக்குத் திரும்பியிருந்தார்.

சுமத்ராவின் குணம் தெரியாமல் இந்த ஒப்பீடு புரியாது. ஏப்ரல் தொடங்கி நவம்பர் வரை, முக்கியமாகத் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், சுமத்ரா தீவின் மேலும் மலாக்கா நீரிணையின் மேலும் இரவில் இடிமேகங்கள் திரண்டு, ஒரே கோடாகச் சேர்ந்து கிழக்கே நகர்கின்றன. நம் கரையைத் தொடுவது பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகு, விடியும் முன்னே. முதலில் குளிர்ந்த காற்று, பிறகு ஒரே அடியாக மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ பலத்த வீச்சு, கூடவே கண் தெரியாத மழை. மணிக்கு 60, 70 கிலோமீட்டர் வேகம் அதிசயமில்லை. நல்ல செய்தி என்னவென்றால் ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கெட்ட செய்தி, காற்றின் வேகம் மூன்று மடங்கானால் அது படகைத் தள்ளும் விசை ஒன்பது மடங்காகும். மாலைத் தென்றலில் அசையாமல் பிடித்த நங்கூரத்தை நம்பித் தூங்கப் போகிறவர்கள் இந்தப் பெருக்கலை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

படகில் மூன்று கேள்விகள் இருந்தன. மச்சானுக்கு, எது கிட்டத்தில் இருக்கிறது என்பது. மனைவிக்கு, எது அசையாமல் இருக்கும் என்பது. நான் பட்டறையில் பார்த்த படகுகளில் பாதி, நல்ல ஒதுக்கிடத்தில் நின்றபோதே அடிபட்டவை. நங்கூரம் பிடி விட்டது, பின்னால் பாறை இருந்தது, அவ்வளவுதான். அதனால் எனக்கு வேறு கேள்வி: நங்கூரம் பிடி விட்டால் எங்கே போய் நிற்போம்?

கிட்டத்தில் இருந்தது ரும்பியா. அதே தீவுக் கூட்டத்தில் மேடான தீவு. அதன் கிழக்குப் பக்கம் போய் ஒட்டி நின்றால் மேற்கு அலை நேராக வராது. போய்ச் சேர அரைமணி போதும். பிள்ளைகள் மணலையும் பார்க்கலாம். என் கேள்விக்கும் இது வியக்கத்தக்க நல்ல பதில் வைத்திருந்தது. மேற்குக் காற்றில் பிடி விட்டால் படகு திறந்த கடலுக்குள் தள்ளப்படும், இடிக்க எதுவும் இல்லை, பாகான் டத்தோ சேறு வரை பதினாலு மைல் வெற்று நீர். பயமாகத் தோன்றும், ஆனால் கடலில் அதுதான் தாராளம்.

சிக்கல் அடியில் இருந்தது. கரையை ஒட்டிய ஆழத்தை வரைபடத்தில் பார்த்தேன். 14 மீட்டர். இன்னும் உள்ளே போனால் பாறை. எங்களிடம் சங்கிலி 50 மீட்டர், அதற்குப் பிறகு 30 மீட்டர் கயிறு. நங்கூரம் படுத்த வாக்கில் இழுபட்டால்தான் மண்ணைக் கவ்வும், மேல்நோக்கி இழுபட்டால் பிடுங்கிக்கொள்ளும். அதனால் ஆழத்தோடு அணியத்தின், அதாவது படகின் முன்முனையின், உயரத்தையும் ஏறப்போகும் நீரையும் கூட்டி, அதைப்போல் ஐந்து மடங்கு சங்கிலி விட வேண்டும், கயிறானால் ஏழு மடங்கு. 14 மீட்டர் ஆழத்தில் அந்தக் கணக்கு 85 மீட்டருக்குப் போகிறது. கையில் இருப்பது, கயிற்றையும் சேர்த்து, 80. அதிலும் கயிறு பாறையில் உரசும் இடம். தீவுகளுக்கு நடுவே புகுந்து வரும் காற்று திசை மாறினால், கிழக்குப் பக்கமே காற்றுப் பக்கமாகிவிடும். காலை வெயிலில் பசியாறிவிட்டுப் போக ரும்பியா நல்ல இடம். ராத்திரி சுமத்ராவுக்கு, என் சங்கிலிக்கு, அது இல்லை.

அடுத்தது பாகான் டத்தோ. இதற்கு மச்சான் வக்கீல். அவன் மாமியார் வீடு அங்கே தென்னந்தோப்புக்குள் இருக்கிறது. "மாப்பிள்ளை, ஆற்றுக்குள் நுழைந்துவிட்டால் கடலுக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லை. ராத்திரிச் சாப்பாடு நண்டுக் குழம்பு" என்றான். அதில் பொய் இல்லை. பேராக் ஆறு தீபகற்பத்தில் பகாங் ஆற்றுக்கு அடுத்த நீளமான ஆறு, சுமார் 400 கிலோமீட்டர் மண்ணைச் சுமந்து வந்து இங்கேதான் கடலில் இறக்குகிறது. உள்ளே போய்விட்டால் அடியில் கெட்டிச் சேறு, நங்கூரம் விட்டால் எடுக்கும்போதுதான் வருத்தப்படுவீர்கள். இருபுறமும் அலையாத்தி மரமும் தென்னையும். மலை இல்லாத தட்டையான நாடு என்பதால் காற்று வரும், ஆனால் ஒரே சீராக வரும். படகு அலைக்கழியாது. பிடி விட்டால்கூடச் சேற்றில்தான் போய் உட்காருவோம், நீர் ஏறினால் மிதந்துவிடுவோம். உள்ளே போன பிறகு, நான்கில் இதுதான் எனக்குப் பிடித்த இடம் என்று ஒப்புக்கொள்கிறேன்.

உள்ளே போன பிறகு. அந்த மூன்று சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. 400 கிலோமீட்டர் மண்ணை இறக்கும் ஆறு அதை வாசலில்தான் குவிக்கிறது. முகத்துவாரம் பார்வைக்கு அகலமாக, எங்கே வேண்டுமானாலும் நுழையலாம் என்பதுபோல் விரிந்து கிடக்கும். படகு போகும் ஆழம் அதற்குள் ஒரு வளைந்த ஓடைதான். எங்கள் படகு ஒன்றரை மீட்டர் நீருக்குள் மூழ்கும். அமாவாசையை ஒட்டி அந்தக் கரையில் நீர் மூன்று மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். அன்று மூன்று மணியிலிருந்து வற்றிக்கொண்டிருந்தது, நீர் முழுக்க இறங்கி நிற்கும் அடிவற்று இரவு ஒன்பதுக்கு. ஐந்தரைக்குக் கிளம்பி, மணிக்கு ஐந்து மைல் வேகத்தில் 14 மைல் போனால் வாசலுக்கு எட்டேகாலுக்கு வந்து சேர்வோம். இருட்டு. ஏறக்குறைய அடிவற்று. வலை கட்டிய கழிகள் தண்ணீருக்கு மேல் ஒரு சாண் தெரியும் நேரம். மேட்டில் தட்டி நின்றால் நீர் ஏறும்வரை நள்ளிரவுக்கு அங்கேயே சாய்ந்து கிடக்க வேண்டும்.

இதற்கு மேல் இன்னொன்று. ஆற்றுநீர் வற்றோடு வெளியே ஓடும்போது மேற்குக் காற்று எதிரே அடித்தால், அந்த வாசலில் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். ஆழ்கடலில் ஒரு மீட்டர் அலை தொட்டில் ஆட்டம். ஆற்று வாயில் அதே ஒரு மீட்டர், சுவரில் முட்டுவதுபோல் முட்டும். சுமத்ரா சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து, நாங்கள் வாசலில் அகப்பட்டுக்கொண்டால்? என் கேள்விக்கு அங்கே கிடைக்கும் பதில், மணல்மேட்டின் மேல், உடையும் அலைக்கு நடுவில் என்பது. மச்சானிடம் இதைச் சொன்னபோது நண்டுக் குழம்பை விட்டுக்கொடுக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "பகல் வெளிச்சம், பாதி ஏற்றம், இரண்டும் சேர்ந்தால் நானே போகலாம் என்பேன்" என்று சமாதானம் சொன்னேன்.

மனைவி லூமுட் என்றாள். படகின் வீடு அதுதான். டிண்டிங் ஆற்றுக்குள், மேற்குக் காற்றுக்கு பங்கோர் தீவே மதிலாக நிற்க, கடற்படைத் தளமும் மிதவைத் துறையும் அமைந்திருக்கும் இடம். கயிறு கட்டிவிட்டால் நங்கூரம் என்ற பேச்சே இல்லை, காரை எடுத்தால் ஆயர் தாவார் அரைமணிதான். பாதுகாப்பில் இதற்கு ஈடு கிடையாது, விவாதமும் கிடையாது. தூரம்தான் குறை: 15, 16 மைல், மூன்று மணி நேரத்துக்கு மேல். கடைசி ஒரு மணி நேரம் இருட்டில், விளக்கில்லாத சம்பான் என்ற சிறு படகுகளுக்கும், மிதவை மட்டும் தெரியும் வலைகளுக்கும், தெலுக் ரூபியா இரும்புத்தாதுத் துறைக்கும் மின்நிலையத்துக்கும் வந்துபோகும் பெரிய கப்பல்களுக்கும் நடுவே. வலை ஒன்று படகைத் தள்ளும் விசிறியில் சுற்றிவிட்டால் இயந்திரம் அதோடு சரி. அந்தப் பட்டறை வேலையை எத்தனை முறை செய்திருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும்.

நடுக்கடலிலேயே பாயைச் சுருக்கிக்கொண்டு நின்று சமாளிக்கலாம் என்று புத்தகங்கள் சொல்கின்றன. கரையே இல்லாத இடத்தில் பிடி விடுவதற்கு ஒன்றுமில்லை என்பதால் அனுபவசாலிகள் அதை விரும்புவார்கள். மலாக்கா நீரிணை உலகத்திலேயே அதிகக் கப்பல் ஓடும் பாதைகளில் ஒன்று. படகில் ஏழு வயதுப் பிள்ளையும் எழுபது தாண்டிய அம்மாவும். இதற்கு மேல் இந்த யோசனைக்கு இடம் கொடுக்க வேண்டியதில்லை.

மிஞ்சியது பங்கோர். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பங்கோர் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பாசிர் போகாக், தெலுக் நீப்பா. அழகான கடற்கரைகள், ஆனால் இரண்டும் தீவின் மேற்குப் பக்கம். வாயைத் திறந்து சுமத்ராவைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. மேற்குக் காற்றுக்கு அங்கே நின்றால், பிடி விட்டதும் நேராக மணலில், அல்லது அதற்கு முன்னே பாறையில். மாலையில் அமைதியாக இருக்கிறதே என்று அங்கே நங்கூரம் போட்டு, விடிகாலையில் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கரையேறியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கிழக்குப் பக்கம் வேறு உலகம். சுங்கை பினாங் பக்கம் வரிசையாக மீனவர் கிராமங்கள், நெத்திலி உலரும் வாடை, கடலைப் பார்த்து நிற்கும் பத்திரகாளியம்மன் கோவில். மாசி மகத்துக்கு எங்கள் ஊரிலிருந்து பஸ் வைத்துப் போவோம். தெற்கே தெலுக் கெடோங்கில் டச்சுக்காரர்கள் 1670ல் கட்டிய கோட்டையின் செங்கல் சுவர்கள் நிற்கின்றன. ஈயத்தைக் காக்கக் கட்டியது என்று பள்ளியில் படித்தோம். அந்தக் குடாவுக்குள் ஒருமுறை படகோடு போனால், கட்டியவர்களில் கடல் தெரிந்தவன் ஒருவன் இருந்திருக்கிறான் என்பதும் தெரியும். 1874 ஜனவரியில் பங்கோர் உடன்படிக்கையில் ஒப்பமிட்டதும் இதே தீவுக்கு அருகே நின்ற புளுட்டோ என்ற கப்பலில்தான். அந்தக் கையெழுத்துக்குப் பிறகு பேராக்கில் வெள்ளைக்காரன் கால் ஊன்றினான், பிறகு தோட்டங்கள் வந்தன, தோட்டத்தோடு என் தாத்தா வந்தார். பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல ஆரம்பித்தேன், யாரும் கேட்கவில்லை.

தெலுக் கெடோங்குக்கு எதிரே ஆழம் ஆறேழு மீட்டர், அடியில் சேறு. 50 மீட்டர் சங்கிலி அங்கே ஐந்து மடங்குக்கு மேலேயே வருகிறது, கயிற்றைத் தொட வேண்டியதில்லை. பிடி விட்டால்? கிழக்கே பெருநிலம் வரை இரண்டு, மூன்று கிலோமீட்டர் நீர். நங்கூரம் சேற்றை உழுதுகொண்டே போனாலும் அந்தத் தூரத்தைக் கடக்க நேரமாகும். இயந்திரத்தைக் கிளப்பித் திரும்ப வர அது போதும். ரும்பியா அளவு தாராளம் இல்லை, ஆனால் ரும்பியாவில் பிடி விடுவது ஏறக்குறைய நிச்சயம், இங்கே அபூர்வம். தூரம் 11 மைல். ஐந்தரைக்குள் கிளம்பினால் கடைசி வெளிச்சத்தில் போய்ச் சேரலாம். அங்கிருந்து நிலைமை நன்றாக இருந்தால் லூமுட் இன்னும் ஒரு மணி நேரம்தான், வழியில் நின்ற மாதிரியும் ஆயிற்று.

குறை இல்லாமல் இல்லை. தீவின் முதுகு 370 மீட்டர் உயரம். மலைக்குப் பின்னால் ஒளிந்தால் காற்று இருக்காது என்று நினைப்பது தவறு. மலைமேல் ஏறிய காற்று இந்தப் பக்கம் விழும்போது துண்டு துண்டாக விழும். ஒரு நிமிடம் மூச்சே இருக்காது, அடுத்த நிமிடம் பக்கவாட்டிலிருந்து அறையும். படகு நங்கூரத்தைச் சுற்றி ஊஞ்சல்போல் ஆடும். மேலும் அது நெரிசலான இடம். இழுவைப் படகுகள், படகு வீடுகள், பங்கோர் ஃபெர்ரி. நம் நங்கூரம் பிடித்தாலும் பக்கத்துக்காரன் நங்கூரம் பிடிக்குமா என்பது நம் கையில் இல்லை.

ஐந்து இருபதுக்கு நங்கூரம் தூக்கினோம். மகன் அழுதான். மகள் அழவில்லை, பேசுவதை நிறுத்திக்கொண்டாள், அது அதைவிட மோசம். நீரோட்டம் அன்று வடக்கே இழுத்ததால் கொஞ்சம் முன்னதாகவே, ஏழரைக்குக் கோட்டைக்கு எதிரே வந்துவிட்டோம். மற்ற படகுகளிலிருந்து தள்ளி இடம் பார்த்து, சங்கிலியை முழுவதும் விட்டு, இயந்திரத்தைப் பின்னோக்கிப் பாதி விசையில் ஓட்டினேன். கரையில் ஒரு தென்னையையும் அதற்குப் பின்னால் ஒரு கூரை விளக்கையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்தேன். கோடு கலையவில்லை. சங்கிலியின் வெடுக்கைத் தாங்க பத்து மீட்டர் நைலான் கயிற்றை அதில் கொக்கி போட்டு மாட்டினேன். பாயை அவிழ்த்து உள்ளே திணித்தோம். வெளியே வருகிறவர் யாரானாலும் மிதவைச் சட்டை. இடி விழுந்தால் மின்னணுச் சாமான்கள் வீணாகும் என்று எல்லாருடைய கைப்பேசியையும் கையடக்க ரேடியோவையும் அம்மாவின் எவர்சில்வர் தூக்குச்சட்டிக்குள் போட்டு மூடினேன். காலையில் ரசம் வைத்திருந்த அடுக்கு அது.

நான்கு ஐம்பதுக்கு வந்தது. முதலில் கழுத்தில் ஈரத்துணி போட்டதுபோல் ஒரு குளிர். மேற்கே மலையின் விளிம்பு இரண்டு முறை வெள்ளையாகத் தெரிந்து மறைந்தது. பிறகு கோட்டைப் பக்கத்துத் தென்னைகள் எல்லாம் ஒரே நேரத்தில் இரைந்தன, படகு ஒருபுறம் சாய்ந்து நைலான் கயிறு முனகியது. காற்றளவி 66 கிலோமீட்டர் காட்டியதை ஒருமுறை பார்த்தேன், அதன்பிறகு மழையில் அதைப் படிக்க முடியவில்லை.

அணியத்துக்கு ஊர்ந்து போய்ச் சங்கிலிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு படுத்துக்கிடந்தேன். நங்கூரம் பிடித்திருந்தால் சங்கிலி விறைக்கும், தளரும், விறைக்கும், அவ்வளவுதான். பிடி விட்டு உழுதால் கையில் ஒரு கொறகொறப்பு தெரியும், கல்மேல் வண்டிச் சக்கரம் உருள்வதுபோல். இருட்டில் கண்ணுக்குத் தெரியாததைக் கை சொல்லும். சுமார் நாற்பது நிமிடம் அந்தக் கொறகொறப்புக்காகக் காத்திருந்தேன், வரவில்லை. வந்தது வேறு. எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு இழுவைப் படகு, விளக்கு இல்லாமல், பக்கவாட்டில் நழுவி வந்துகொண்டிருந்தது. மச்சான் டார்ச் அடித்துக் கத்தினான். அதில் யாரோ விழித்து இயந்திரத்தைக் கிளப்பும்போது எங்களுக்கும் அதற்கும் இடைவெளி ஒரு லயத்து வீட்டு நீளம்தான் இருந்தது. மலைக்காற்று எங்களை மறுபக்கம் வீசி எறிந்திருந்த நேரம் அது. அதிர்ஷ்டத்தை என் கணக்கில் சேர்த்துக்கொள்ள மாட்டேன். மாலையில் அந்தப் படகுக்குப் பின்னால் நேர்கோட்டில் இடம் பிடித்தது என் தப்பு. தள்ளி நின்றோமே என்று தூரத்தைப் பார்த்தேன், காற்று வரும் திசையில் எனக்கு மேலே யார் நிற்கிறார் என்று பார்க்கவில்லை.

ஆறேகாலுக்கு வெறும் மழையாகிவிட்டது. அம்மா உள்ளே விளக்கேற்றாமல் உட்கார்ந்து பேரனைத் தட்டிக்கொண்டிருந்தார். அவன் ஒருமுறை வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பவும் தூங்கியிருந்தான். "சொன்னேனா இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

வேறு நேரமாக இருந்திருந்தால் வேறு முடிவு. மதியம் இரண்டு மணிக்கே அறிகுறி தெரிந்திருந்தால் நேராக லூமுட்தான், யோசனையே இல்லை. காலை பத்து மணிக்கு, நீர் ஏறிக்கொண்டிருக்கையில் தெரிந்திருந்தால் மச்சானின் நண்டுக் குழம்புக்கு வழிவிட்டிருப்பேன். இரவு எட்டுக்கு மேல், இருட்டிய பிறகு மேற்கே மின்னலைப் பார்த்திருந்தால் ரும்பியாவைத் தாண்டிப் போயிருக்க மாட்டேன். சங்கிலியையும் கயிற்றையும் முழுவதும் விட்டு, இயந்திரத்தை ஓடவிட்டு, சுக்கானைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருப்பேன். பிடி விட்டாலும் வெற்றுக் கடல்தானே. இருட்டில் வலைகளுக்குள் நல்ல இடம் தேடி ஓடுவதைவிட அது மேல். பங்கோரின் மேற்குக் கரைக்கு எந்த நேரத்திலும் போயிருக்க மாட்டேன். எந்த இடமானாலும், நிலைமை கைமீறுகிறது என்று தோன்றினால் ரேடியோவில் 16ஆம் அலைவரிசையில் கடல்சார் அமலாக்க நிறுவனத்தைக் கூப்பிட வேண்டும், கரை சிக்னல் இருந்தால் 999. கூப்பிட வெட்கப்பட்டவர்களையும் பட்டறையில் பார்த்திருக்கிறேன்.

அடுத்த வாரமே இன்னும் முப்பது மீட்டர் சங்கிலி வாங்கிவிட்டேன். இந்த முறை விலையை அன்றைக்கே மனைவியிடம் சொன்னேன். கைப்பேசியில் ரச வாசம் போக மூன்று நாள் ஆயிற்று. மகள் சமையலறை நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு, சுமத்ரா இல்லாத பிப்ரவரியில் அமாவாசை எந்தக் கிழமை வருகிறது என்று தேடிக்கொண்டிருக்கிறாள்.